காற்றுக்குழாய் என்று பெயர் வாங்கிய ரத்தக்குழாய்

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனால் உங்கள் கையை இரண்டு பேர் பிடிப்பார்கள். டாக்டர் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக விரல்களை வைத்து நாடி பார்ப்பார். பிறகு லேபில் ரத்தம் எடுப்பவர் மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவார். முழங்கையின் உள்மடிப்பைத் தட்டித் தடவி, நீலமாகப் புடைத்து வரும் குழாயில் ஊசியை ஏற்றுவார். மணிக்கட்டில் ரத்தம் துள்ளி ஓடுவது விரலுக்கே தெரிகிறது. அங்கேயே ஊசி போட்டு எடுத்துவிடலாமே, ஏன் மேலே போய் இன்னொரு குழாயைத் தேடுகிறார்கள்?

மணிக்கட்டில் துடிப்பது தமனி. மடிப்பில் நீலமாகத் தெரிவது சிரை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திரும்பக் கொண்டுவருவது சிரை என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். தமனி ஆழத்தில் ஓடும், சுவர் தடிப்பு, உள்ளே அழுத்தம் அதிகம். அதில் ஊசி ஏற்றினால் வலி கூடுதல்; எடுத்த பிறகு பல நிமிடம் அழுத்திப் பிடிக்காவிட்டால் ரத்தம் நிற்காது. சிரை தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது, சுவர் மெல்லியது, அழுத்தம் குறைவு, பஞ்சை வைத்துக் கையை மடக்கினால் போதும். அதனால்தான் சாதாரணப் பரிசோதனைகளுக்கெல்லாம் சிரை.

இவ்வளவு அழுத்தத்தோடு ரத்தம் பாயும் தமனிக்கு மேற்கிலும் நம் நாட்டிலும் அமைந்த பெயர்களில் ரத்தம் இல்லை. இருப்பது காற்று. பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விட்ட இந்தப் பெயர்க்கதை தெரிந்தால், அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வேண்டிய பல விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

கழுத்தில் தொடங்கிய பெயர்

ஆங்கிலத்தில் தமனியை ஆர்ட்டரி என்கிறார்கள். அது கிரேக்கத்தின் ஆர்ட்டீரியா. பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளில் ஆர்ட்டீரியா என்றால் முதலில் மூச்சுக்குழல்தான். நாம் மூச்சு விடும், கழுத்துக்குள் இறங்கும் அந்தக் குழல். ‘காற்றைக் காத்து வைப்பது’ என்று இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு விளக்கம் சொன்னார்கள் பழைய அறிஞர்கள். ‘தூக்கு, தொங்கவிடு’ என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது இன்றைய மொழியியலாளர்கள் பலரின் கருத்து. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை மருத்துவர்கள் அயோர்ட்டா என்கிறார்களே, அதுவும் அந்த வினையின் குடும்பம்தான். வேர் எதுவானாலும், அந்தக் காலத்து மருத்துவரின் காதில் ஆர்ட்டீரியா என்ற சொல் காற்றோடுதான் ஒலித்தது.

பிறகு இதயத்திலிருந்து கிளைக்கும் துடிக்கும் குழாய்களையும் ஆர்ட்டீரியா என்றார்கள். இரண்டுமே காற்றுக் குழல்கள் என்றால் பிரித்துச் சொல்ல வேண்டாமா? அடைமொழி சேர்த்தார்கள். உடலெங்கும் ஓடுவது வழவழப்பான ஆர்ட்டீரியா. கழுத்தில் இருப்பது சொரசொரப்பான ஆர்ட்டீரியா. தொண்டைக்குக் கீழே, நடுக்கழுத்தில் விரலை வைத்து மெதுவாக மேலும் கீழும் தடவிப் பாருங்கள். குருத்தெலும்பு வளையங்கள் படிப்படியாக நெருடும். அந்த நெருடலைத்தான் சொரசொரப்பு என்றார்கள். சொரசொரப்பானது என்பதற்குக் கிரேக்கத்தில் டிரக்கேயா. நாளடைவில் பெயர்ச்சொல் உதிர்ந்துபோய் அடைமொழி மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு காது மூக்கு தொண்டை மருத்துவர் டிரக்கியா என்று சொல்லும்போது ‘சொரசொரப்பானது’ என்று மட்டும்தான் சொல்கிறார். எது சொரசொரப்பானது என்ற பாதி காணாமல் போய்விட்டது. அந்தப் பாதி ரத்தக்குழாய்க்குச் சொந்தமாகிவிட்டது.

நம் பக்கம் வருவோம். தமனி வடமொழியின் தமநீ. அதன் வேர் ‘த்மா’, பொருள், ஊது. சங்கை ஊதுவதற்கும் உலையில் காற்று ஊதுவதற்கும் அதே வினைதான். ஊதுவதால், அதாவது உள்ளே நிரம்பிப் புடைப்பதால், தமநீ என்றும், ஓடுவதால் சிரா என்றும் சரக சம்ஹிதை பெயர்க்காரணம் தருகிறது. சுஸ்ருத சம்ஹிதை தொப்புளிலிருந்து 24 தமநீகள் கிளைப்பதாகச் சொல்கிறது. அந்தத் தமநீயும் இன்றைய உடற்கூற்றியலின் தமனியும் ஒன்றல்ல. புதிய அறிவியலுக்கு இந்திய மொழிகளில் கலைச்சொல் தேடியவர்கள் பழைய பெயரை எடுத்துப் புதிய பொருளில் அமர்த்தினார்கள். கிரேக்கத்தில் காற்றுக்குழல், வடமொழியில் ஊதுகுழல். 

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்தக் காற்று வாடையே இல்லை. அங்கே தமனிக்கு நாடி என்று பெயர், சிரைக்கு நாளம். பெருந்தமனி அங்கே பெருநாடி. நாடி துடிக்கும் குழாய் நாடி என்று பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் பதிந்துவிடும். கற்பதற்கு அதுவே எளிய சொல் என்பது என் எண்ணம்.

இறந்த உடல் சொன்ன சாட்சி

ரத்தம் பாயும் குழாயைப் பார்த்துக் காற்றுக்குழாய் என்று எப்படித்தான் தோன்றியது? கையை வெட்டிக்கொண்டால் ரத்தம் பீறிடுவதைப் பார்க்காதவர்கள் அல்லவே அவர்கள்.

ஆட்டுக்கறிக் கடைக்குப் போய்ப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஈரல், சுவரொட்டி, நுரையீரல் எல்லாம் வைத்திருக்கும் இடத்தில் இதயத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெள்ளைக் குழாய் வெட்டுப்பட்டு வாய் திறந்தபடி நிற்கும். இரண்டு விரலால் அமுக்கினால் தட்டையாகும். விட்டதும் பழையபடி வட்டமாகிவிடும். அதுதான் பெருந்தமனி. பக்கத்திலேயே சிரைகளும் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் அவை காலியான துணிப்பை போல மடிந்து ஒட்டிக் கிடப்பதால் கண்ணில் படுவதே அரிது. தூக்கி விரித்தால்தான் அங்கே ஒரு குழாய் இருந்தது தெரியும்.

கடையில் ஆட்டின் ரத்தம் முழுவதும் வடிந்துவிடுகிறது, அதனால் இரண்டும் காலி. நோயில் இறந்த ஓர் உடலைத் திறந்தால் காட்சி வேறு. சிரைகளில் கருஞ்சிவப்பு ரத்தம் நிறைந்து கிடக்கும். தமனிகளிலோ பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது, இருந்தாலும் சொற்பம். ஆனாலும் அவை மடிந்து விடாமல் வாய் திறந்து நிற்கும். பார்ப்பவர் என்ன நினைப்பார்? இதோ ரத்தம் நிறைந்த குழாய் ஒரு வகை. இதோ ரத்தமே இல்லாத, ஆனாலும் விறைப்பாகத் திறந்து நிற்கும் குழாய் இன்னொரு வகை. இரண்டாவதில் ஓடியது எது? கண்ணுக்குத் தெரியாதது, உயிரோடு போய்விட்டது, காற்று!

இந்தச் சாட்சியத்தை இன்னும் கெட்டியாக்கியது அவர்கள் கையாண்ட முறை. விலங்கை அறுத்தால் ரத்தம் வடிந்து குழாய்கள் சுருங்கிவிடுகின்றன, வழியைத் தொடர்ந்து பார்க்க முடிவதில்லை என்பதை அரிஸ்டாட்டில் கவனித்தார். முதலில் பட்டினி போட்டு மெலிய வைத்து, பிறகு கழுத்தை நெரித்துக் கொன்றால் குழாய்கள் நன்றாகத் தெரியும் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் மூச்சை அடைத்துக் கொன்ற உடலில் சிரைகள் வழக்கத்தைவிட அதிகமாகப் புடைக்கும். தமனிகள் வழக்கத்தைவிட அதிகமாகக் காலியாகும். ஏன் என்று பின்னால் பார்ப்போம். தெளிவாகப் பார்க்க எடுத்த வழியே பார்வையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டது.

அலெக்சாந்திரியாவின் இரண்டு மருத்துவர்கள்

தமனி வேறு, சிரை வேறு என்று தெளிவாகப் பிரித்தவர் கோஸ் தீவைச் சேர்ந்த பிராக்சகோரஸ். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவர். நாடித்துடிப்பு தமனிகளில் மட்டும்தான் என்று கண்டு சொன்னவர் அவர். அதே மூச்சில், தமனிகளுக்குள் இருப்பது நியூமா என்றும் சொன்னார். நியூமா என்றால் மூச்சு, காற்று, உயிரை இயக்கும் ஆற்றல் எல்லாம் சேர்ந்த ஒன்று. உயிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம்.

அவருடைய மாணவர் ஹெரோஃபிலஸ் அலெக்சாந்திரியாவுக்குப் போனார். தாலமி மன்னர்கள் ஆண்ட அந்த எகிப்திய நகரத்தில் மனித உடலை அறுத்து ஆராய இடம் கிடைத்தது. பண்டைய உலகில் அது மிக அபூர்வம். தமனியின் சுவர் சிரையின் சுவரைவிட ஆறு மடங்கு தடிப்பு என்று அவர் அளந்து சொன்னார். இந்த ஒரு குறிப்பை மனதில் வையுங்கள், இந்த அத்தியாயத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. நீர்க்கடிகாரம் வைத்து நாடியை எண்ணியவரும் அவரே. தமனியில் உயிர்க்காற்றோடு ரத்தமும் கலந்திருக்கிறது என்பது அவர் கருத்து.

அதே நகரத்தில் எராசிஸ்ட்ரேட்டஸ் என்றொருவர் இருந்தார். அவர் கலப்பை ஏற்கவில்லை. சிரையில் ரத்தம் மட்டும், தமனியில் உயிர்க்காற்று மட்டும் என்றார். தமனிக்குள் ரத்தம் புகுந்தால் அது நோய். வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான் என்றார். அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். இதயத்தின் வால்வுகள் ஒருவழிக் கதவுகள் என்று விளக்கியவர் அவர்.

‘தமனியை வெட்டினால் ரத்தம் வருகிறதே?’ என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. இயற்கை வெற்றிடத்தைப் பொறுக்காது. தமனியில் துளை விழுந்ததும் உயிர்க்காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியேறிவிடுகிறது. அந்த வெற்றிடம் பக்கத்துச் சிரைகளிலிருந்து ரத்தத்தை இழுக்கிறது. எப்படி இழுக்கும்? சிரைகளின் நுனிகளையும் தமனிகளின் நுனிகளையும் இணைக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்வழிகள் மூலமாக. உடல் நலமாக இருக்கும்போது அவை மூடிக் கிடக்கும், அடிபட்டால் திறந்துகொள்ளும். ஆக, நீங்கள் பார்க்கும் ரத்தம் சிரையிலிருந்து கடன் வாங்கி வந்த ரத்தம்.

இந்த விளக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்புதான். அந்த நுண்வழிகள் உண்மையிலேயே இருக்கின்றன. தந்துகிகள் என்று இன்று சொல்கிறோம். நுண்ணோக்கி வருவதற்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் முன்பே அவற்றை ஒருவர் அறிவால் ஊகித்திருக்கிறார். ரத்தம் ஓடும் திசை மட்டும் தலைகீழ்.

கேலன் போட்ட இரண்டு முடிச்சு

எராசிஸ்ட்ரேட்டஸின் வாதத்தை உடைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். தமனியில் ரத்தம் இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் தமனியைத் திறக்க வேண்டும். திறந்தால் ரத்தம் வரும். வந்த ரத்தம் முன்பே அங்கே இருந்ததா, திறந்ததால் வந்ததா? திறக்காமல் தெரியாது, திறந்தாலும் தெரியாது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் இந்தப் பூட்டு திறக்கப்படாமல் கிடந்தது.

கேலன் கிறிஸ்து பிறந்து 129ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமம் நகரில் பிறந்தவர். இளம் வயதில் அங்கே கிளாடியேட்டர் வீரர்களுக்கு மருத்துவராக இருந்தார். வாளும் ஈட்டியும் கிழித்த உடல்களை நாள்தோறும் தைத்தவருக்குத் தமனி ரத்தத்தைப் பற்றி ஏட்டறிவு தேவைப்படவில்லை. தமனிகளில் இயற்கையாகவே ரத்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். அதில் வரும் சோதனை இன்றைக்கும் பாடமாக வைக்கத் தகுந்தது.

முதலில் ஒரு தர்க்கம். மிக மெல்லிய ஊசியால் தமனியைக் குத்தினாலும் அந்தக் கணமே ரத்தம் வருகிறது. உடலெங்கும் உள்ள உயிர்க்காற்று அத்தனையும் அந்த ஊசித் துளை வழியாக முதலில் வெளியேறி முடிந்திருக்க வேண்டும் என்றால் கொஞ்சமாவது நேரம் பிடிக்காதா? காற்று வெளியேறியதை யாராவது பார்த்தார்களா?

பிறகு சோதனை. உயிருள்ள விலங்கின் தோலை விலக்கி, பெரிய தமனி ஒன்றைச் சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். நூலால் ஓர் இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். சற்றுத் தள்ளி இன்னொரு முடிச்சு. இப்போது இரண்டு முடிச்சுக்கும் நடுவில் குழாயின் ஒரு துண்டு சிறைப்பட்டுவிட்டது. இதயத்தின் பக்கமிருந்து எதுவும் உள்ளே வர முடியாது. மறுமுனையிலிருந்தும் வர முடியாது.

முடிச்சின் இடத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு முடிச்சு போட்டிருந்தால் எதிராளி விடமாட்டார். ‘கட்டாத பக்கத்திலிருந்து ரத்தம் வந்தது’ என்பார். இரண்டு போட்டதும் அந்த வாசல் அடைபட்டது. துண்டில் பக்கக் கிளை ஏதும் இருந்தால் அது மூன்றாவது வாசலாகிவிடும், ஆகவே கிளையில்லாத நீளமாகப் பார்த்துக் கட்டுவது முக்கியம். கட்டிய பிறகும் வெட்டுவதற்கு முன்னும் உள்ளே என்ன இருந்ததோ, அதுதான் இனி வெளியே வரும். 

இப்போது இரண்டு கட்சியும் முன்கூட்டியே தங்கள் பதிலைச் சொல்லியாக வேண்டும். உயிர்க்காற்றுதான் இருக்கிறது என்றால், நடுவில் வெட்டியதும் துண்டு சொங்கிப்போக வேண்டும், ஒரு சொட்டு ரத்தமும் வரக்கூடாது. வெற்றிடம் இழுக்கிறது என்ற சமாதானம் இங்கே செல்லாது, இழுத்தாலும் வர வழியில்லை. ரத்தம்தான் இருக்கிறது என்றால் ரத்தம் வர வேண்டும்.

கேலன் நடுவில் வெட்டினார். உள்ளே ரத்தம் நிறைந்திருந்தது.

400 ஆண்டு வழக்கு இரண்டு நூல்துண்டுகளால் தீர்ந்தது. தமனி ரத்தக்குழாய் என்பது அன்றே முடிவாகிவிட்டது. ஆனால் உயிர்க்காற்றைக் கேலனும் முழுதாகக் கைவிடவில்லை. ரத்தத்தோடு அதுவும் கலந்து ஓடுகிறது என்றார். ரத்தம் கல்லீரலில் உண்டாகி உடலில் செலவழிந்துபோகிறது என்றார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது என்றார். இல்லாத அந்தத் துளைகளை மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் துளை கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் போகிறது என்று எழுதினார். ஐரோப்பா அதைக் கேட்க இன்னும் காலம் இருந்தது.

அந்த ரத்தம் எங்கே போனது?

கேலன் வென்றார், சரி. ஆனால் பிணத்தில் தமனி காலியாக இருப்பது பொய்யல்லவே. உயிரோடு இருக்கையில் நிறைந்திருந்த ரத்தம் இறந்ததும் எங்கே போகிறது?

இதற்குச் சரியான திசையில் பதில் சொன்னவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது, செலவாகிப் போவதில்லை என்று நிறுவிய அவருடைய நூல் 1628இல் பிராங்பர்ட்டில் வெளியானது. சுற்றோட்டம் என்பதை ஒப்புக்கொண்டால் காலித் தமனியின் புதிரும் அவிழ்கிறது என்று அதிலேயே காட்டினார். தமனிக்குள் ரத்தம் வர ஒரே வழிதான்: நுரையீரலைக் கடந்து, இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து வெளியேற வேண்டும். சாகும்போது மூச்சு முதலில் நிற்கிறது. நுரையீரல் அசைவற்றுப்போனதும் அதன் வழியாக ரத்தம் கடப்பது தடைபடுகிறது. இதயமோ இன்னும் சிறிது நேரம் துடிக்கிறது. வரவு நின்றுவிட்டது, செலவு தொடர்கிறது. இடப்பக்க இதயம் தன்னிடம் இருப்பதையெல்லாம் தமனிகளுக்கும், தமனிகள் அதைச் சிரைகளுக்கும் தள்ளிவிடுகின்றன. அரிஸ்டாட்டில் சொன்னபடி கழுத்தை நெரித்தால் நடப்பது துல்லியமாக இதேதான்: மூச்சு முதலில் நிற்கும், இதயம் பிறகு நிற்கும்.

இதயமும் நின்ற பிறகு நடப்பதை இன்றைய உடலியங்கியல் சொல்கிறது. ஹெரோஃபிலஸ் அளந்த அந்தத் தடித்த சுவர் இங்கேதான் வருகிறது. தமனிச் சுவரில் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் மீள்நார்கள் நிறைய உண்டு, தசையும் உண்டு. உயிரோடு இருக்கையில் ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் விரிந்து கொடுத்து, அடுத்த கணம் சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. மணிக்கட்டில் நீங்கள் தொட்டு உணர்வது அந்த விரிதலைத்தான். இதயம் கடைசியாகத் துடித்து நின்றதும் சுவர் சுருங்குகிறது. விரிக்க இனி யாருமில்லை. அழுத்தம் தீரும்வரை உள்ளிருக்கும் ரத்தத்தைத் தந்துகிகள் வழியாகச் சிரைப் பக்கம் பிழிந்துவிடுகிறது.

கணக்குப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒருவர் உடலில் 5 லிட்டர் ரத்தம் என்று கொள்வோம். உயிரோடு இருக்கும்போதே அதில் 100க்கு 64 பங்கு அளவு சிரைகளில்தான் இருக்கிறது. அதாவது 3 லிட்டருக்கு மேல். தமனிகளில் இருப்பது 100க்கு 13 பங்குதான், சுமார் 650 மில்லிலிட்டர். பாதரச அளவில் 100 மில்லிமீட்டரை ஒட்டி இருந்த தமனி அழுத்தம், இதயம் நின்று ஒரு நிமிடம் போல் ஆவதற்குள் 7 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது எல்லாக் குழாய்களிலும் அழுத்தம் சமம். சிரைச் சுவர் மெல்லியது, இளகிக் கொடுக்கக்கூடியது. ஒரே அழுத்தத்துக்குத் தமனித் தொகுதி ஏற்பதைப் போல 20 மடங்குக்கும் அதிகமான ரத்தத்தைச் சிரைத் தொகுதி ஏற்கும். அதற்கு இந்த அரை லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. அதன் பின்னும் தமனிச் சுவரின் தசை இறுகி மிச்சத்தையும் வெளியேற்றப் பார்க்கும்.

பிறகு தசை தளர்கிறது. மெல்லிய சிரையாக இருந்தால் மடிந்துபோயிருக்கும். தடித்த சுவர் என்பதால் தமனி வட்டமாக, வாய் திறந்து நிற்கிறது. துடிப்பதற்குக் காரணம் அந்தச் சுவர். இறந்ததும் காலியாவதற்குப் பெருங்காரணம் அந்தச் சுவர். காலியான பிறகும் மடியாமல் நின்று ‘இது காற்றுக்குழாய்’ என்று நம்ப வைத்ததும் அதே சுவர்தான். ஹெரோஃபிலஸ் கையில் அளவு இருந்தது. விடை அதற்குள்ளேயே இருந்தது.

எராசிஸ்ட்ரேட்டஸ் ஊகித்த நுண்வழிகளை ஹார்வியும் கண்ணால் காணவில்லை. அவர் 1657இல் இறந்தார். நான்கே ஆண்டு கழித்து, 1661இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத் தந்துகிகளைக் கண்டார்.

பெயரை எதைப் பார்த்து வைப்பது?

நல்ல ரத்தம் தமனியில், கெட்ட ரத்தம் சிரையில் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்படிப் படித்த மாணவர் நுரையீரல் தமனியிடம் வந்ததும் தடுமாறுவார். அது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிறது, ஆனால் அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நுரையீரல் சிரையிலோ ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். விதிவிலக்கு என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

கிரேக்கர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. இதயத்தின் வலப்பக்கத்தோடு சேர்ந்தது சிரை, இடப்பக்கத்தோடு சேர்ந்தது தமனி என்பது அவர்கள் கணக்கு. வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய் அந்தக் கணக்கில் சிரை. தொட்டுப் பார்த்தால் சுவர் தமனிபோலத் தடிப்பு! ‘தமனி போன்ற சிரை’ என்று பெயர் வைத்துச் சமாளித்தார்கள். ஹெரோஃபிலஸ் வைத்த பெயர் அது என்பார்கள். எதிர்த்தரப்புக் குழாய்க்கு ‘சிரை போன்ற தமனி’ என்று பெயர். சுற்றோட்டம் புரிந்த பிறகு இந்த இரட்டைப் பெயர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. இதயத்தின் எந்தப் பக்கத்தோடு சேர்ந்தது என்று பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் முடிந்தது. போகும் திசையே இலக்கணம் ஆயிற்று. இதயத்தை விட்டு விலகிப் போனால் தமனி, இதயத்தை நோக்கி வந்தால் சிரை. இந்த இலக்கணத்தில் விதிவிலக்கே கிடையாது. தாய் வயிற்றில் உள்ள குழந்தையின் தொப்புள்கொடியிலும் இதுவே: குழந்தையின் இதயத்திலிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் இரண்டு தமனிகளில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்; திரும்பி வரும் ஒரே சிரையில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்.

வகுப்பில் இதைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று சொல்லாதீர்கள். திசையைச் சொல்லுங்கள், முடிந்தால் சுவரைத் தொட்டுக் காட்டுங்கள். ஓர் ஆட்டு இதயம் போதும்.

தமனியில் உள்ள காற்று

தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பதுண்டு. சிரிஞ்சின் பிஸ்டனை இழுக்கவே வேண்டியதில்லை. துடிப்புக்குத் துடிப்பு ரத்தமே அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஏறும். நிறமும் பளிச்சென்ற சிவப்பு. அந்தப் பரிசோதனைக்கு ஆர்ட்டீரியல் பிளட் கேஸ் என்று பெயர். தமனி ரத்தத்தில் உள்ள வாயுக்களின் அளவைச் சொல்வது அது. நோயாளியின் நுரையீரல் எவ்வளவு காற்றை ரத்தத்தில் சேர்க்கிறது என்பதை அதைவிட நேராகச் சொல்லும் பரிசோதனை வேறில்லை.

ஆக, மூச்சிலிருந்து எதையோ எடுத்துத் தமனிகள் உடலெங்கும் கொண்டுபோகின்றன என்ற அளவில் பிராக்சகோரஸ் சொன்னது சரி. அது தனியாகக் குழாயில் வீசவில்லை, ரத்தத்தில் ஏறிப் போகிறது. ஒரு லிட்டர் தமனி ரத்தத்தில் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. அதில் நீரில் கரைந்ததுபோல் கரைந்து இருப்பது 3 மில்லிலிட்டர்தான். மற்றதெல்லாம் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் பிடித்து வைத்திருப்பது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அப்படியானால் நீங்கள் உட்கார்ந்து இதைப் படிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் தமனிகள் ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் சுமந்து செல்கின்றன. அதில் கால் லிட்டரை உடல் எடுத்துக்கொள்கிறது, முக்கால் லிட்டர் சிரை வழியாகத் திரும்பி வருகிறது.